வளவு நாயும் வாடகை வீடும்

யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கொழும்பிலோ வாடகை வீடு தேடிப் போனால் வீட்டுக்காரர் கேட்கிற கேள்விகள் எங்களுக்குப் பாடம். எத்தனை பேர் இருக்கப் போறியள்? எங்க வேலை? கலியாணம் முடிஞ்சுதோ? சொந்த இடம் எது? சொந்த இடத்தைக் கேட்கிறபோது சிலர் ஊரை மட்டும் கேட்பதில்லை, அதுக்குள்ள சாதியையும் சேர்த்துத்தான் கேட்கினம். முற்பணம் எத்தனை மாதத்துக்கு என்ற பேச்சும் முடிந்து, திறப்பு கைக்கு வரப்போகிற நேரத்தில் நாங்கள் மெதுவாகச் சொல்லுவோம்: "ஒரு நாயும் இருக்கு." அதோடு கதை முடிந்துவிடும். "நாயெண்டால் சரிவராது தம்பி."

இதை ஒரு நகரத்துப் பிரச்சினையாக, நாய் வளர்க்கிற வசதி உள்ளவர்களின் சின்னக் கவலையாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பளையில் இருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முப்பது வருடத்துக்குள் நாலைந்து தடவை வீடு மாறிய, மாற வைக்கப்பட்ட மண் இது. ஒவ்வொரு தடவையும் ஒரு கூரையைத் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கூரையின் கீழ் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று இன்னொருவர் தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்தில் முதலில் வெளியே நின்றது நாய். ஆகவே வாடகை வீட்டு வாசலில் நாங்கள் கேட்கிற "இல்லை" என்ற பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

வளவின் நாய்

எங்கட ஊர்களில் நாய் ஆருக்குச் சொந்தம் என்று கேட்டால் ஆளின் பெயரைச் சொல்ல மாட்டினம். வீட்டைச் சொல்லுவினம். "அது கிணத்தடி வீட்டு நாய்", "தென்னங்காணிக்காரற்ற நாய்." நாய்க்கு ஜிம்மி, ரைகர், வீரன் என்று பெயர் இருக்கும். ஆனால் அதன் முகவரி வளவுதான். கிடுகு வேலியோ கதியால் வேலியோ போட்ட ஒரு வளவு, அதற்கு ஒரு படலை, படலையடியில் படுத்திருக்கிற ஒரு நாய். பகலில் வேலிக்குக் கீழே உள்ள பொட்டுக்குள்ளால் ஒழுங்கைக்குப் போய்ச் சுத்தும், சோத்து நேரத்துக்குத் திரும்பி வரும். கழுத்துப் பட்டி இல்லை, சங்கிலி இல்லை. மிஞ்சின சோறும் மீன் தலையும் சாப்பாடு. இரவில் வளவுக்குக் காவல்.

பளைப் பக்கம் தென்னங்காணிகள் பெரிய பரப்பு. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் தூரம் கூட. தேங்காய்க் களவு, மாட்டுக் களவு, பன்றி வந்து கிழங்கைக் கிளறுவது எல்லாவற்றுக்கும் நாய்தான் முதல் அறிவிப்பு. வளவைக் காப்பதுதான் நாயின் வேலை. அந்த வேலைக்குக் கூலி சோறும் நிழலும். இந்த ஏற்பாட்டில் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பாசமும் இடத்தோடு கட்டுப்பட்டதாகவே இருந்தது.

இந்தக் கட்டு மிகப் பழையது. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்துபோன வீரன் ஒருவனுக்கு நாட்டிய கல் அது. அந்த வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் எழுத்தும் இருக்கிறது. நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த சமூகம், அது என்ன வேலை செய்தது என்பதையும் சேர்த்தே வெட்டியது. ஆள் விழுந்த பிறகும் நாய் அந்த இடத்தை விடவில்லை என்பதுதான் அங்கே புகழ்.

இடத்தை விடாமல் நிற்பது நாயின் பெருமையாக இருந்த ஒரு பண்பாட்டில், மனிதர் இடத்தை விட்டுப் போக நேர்ந்தால் நாய்க்கு என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்கு எங்களிடம் பழக்கத்தில் ஒரு விடை இருக்கவில்லை.

சட்டம் பார்த்த நாய்

பிரித்தானியர் ஆட்சியில் நாய் பற்றிய சட்டங்கள் வந்தன. 1893இல் விசர்நாய்க்கடி நோயைத் தடுக்கிற சட்டம், 1901இல் நாய்களைப் பதிவு செய்கிற சட்டம், 1907இல் மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கிற சட்டம். முதல் இரண்டும் பொதுச் சுகாதாரத்துக்காக வந்தவை. அவற்றின் பார்வையில் நாய் என்பது ஒரு ஆளின் உடைமை. ஆள் அதைப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், கட்டிவைக்க வேண்டும். உரிமையாளரைக் காட்ட முடியாத நாய் பிடிக்கப்பட்டது, கொல்லப்பட்டது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விசர்நாய்க்கடி வந்தால் சாவு நிச்சயம். 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். தடுப்பூசித் திட்டங்கள் பரவிய பிறகு அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு சில பத்துகளாக இறங்கியது. 2006இல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கைக்கு அரசு மாறியது. அதன் பிறகு தடுப்பூசியும் கருத்தடையுமே வழி என்று ஆயிற்று.

ஆனால் சட்டத்தின் நாயும் எங்கட ஊர் நாயும் ஒன்றல்ல. வளவுக்குச் சொந்தமாய் இருந்து ஒழுங்கையில் சுத்துகிற நாயைச் சட்டம் வீட்டு நாய் என்று பார்க்காது. அதற்கு அது கட்டாக்காலி. மாடுகளுக்குச் சொல்லி வந்த இந்தச் சொல் நாய்க்கும் ஒட்டிக்கொண்டது. ஊருக்குள் இருக்கும்வரை இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. ஊரைவிட்டு வெளிக்கிட்டபோதுதான் அது தெரிந்தது. வளவு இல்லாமல் போன அன்றைக்கே எல்லா நாயும் கட்டாக்காலியாகிவிட்டது.

1995: படலையடியில் விட்டது

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்து மக்கள் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை இரவு. தென்மராட்சிக்குப் போக நாவற்குழிப் பக்கமும் கோப்பாய், கைதடிப் பக்கமுமாக இரண்டு வழிதான். நாலைந்து இலட்சம் சனம் அந்த வழிகளில் நெருக்கியடித்து நகர்ந்தது. சில கிலோமீற்றர் போக ஒரு முழு இரவும் அடுத்த பகலும் எடுத்தது. சைக்கிள் உருட்டினவர்கள், வயதானவர்களைத் தூக்கினவர்கள், கைக்குழந்தையோடு போனவர்கள். அந்த நெரிசலில் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு போவது எப்படி?

எங்கட வீடுகளில் அந்த இரவைப் பற்றிக் கேட்டால் நகை, உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று எடுத்ததையெல்லாம் சொல்லுவினம். நாயைப் பற்றிக் கேட்டால் பேச்சு சுருங்கும். "சோத்தை வைச்சுப்போட்டு வந்தனாங்கள்." "கொஞ்சத் தூரம் பின்னால வந்தது." இதுக்கு மேல பெரிசாக ஒன்றும் வராது. மனிதர் இறந்த கதைகளுக்கு முன்னால் நாயின் கதையைச் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தை மதிக்கிறோம். அதே நேரம், சொல்லாமல் விட்டதும் வரலாற்றில் ஒரு பகுதிதான் என்று நினைக்கிறோம்.

எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதைத் தீர்மானிப்பது கொடுக்கப்படுகிற நேரம். ஐந்து வருடத்துக்கு முதல், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியபோது அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். வீட்டையும் கடையையும் நகையையும் விட்டுவிட்டுப் போனார்கள். நேரத்தைக் குறைத்தால் மனிதரின் வாழ்க்கை ஒரு பைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கும். உயிருள்ள, பைக்குள் அடங்காத எதுவும் வெளியே நிற்கும்.

1995 நவம்பரில் தென்மராட்சியும் பச்சிலைப்பள்ளியும் நிரம்பி வழிந்தன. சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில், பளை என்று பாடசாலைகள், கோயில் மண்டபங்கள், தெரிந்தவர் வீடுகள், தெரியாதவர் வளவுகள். ஒரு வீட்டில் பல குடும்பங்கள். வளவுக்குள் கொட்டில் போட இடம் கேட்டுத்தான் பலர் இருந்தார்கள். வாடகை என்ற சொல் பல இடத்தில் வரவில்லை. அது இரவல் இடம். இரவல் இடத்தில் இருக்கிறவர் கேட்கக் கூடிய அளவுக்கு ஒரு எல்லை உண்டு: கிணத்தைப் பாவிக்கலாமோ, கக்கூசுக்குப் போகலாமோ, அடுப்பை எங்க மூட்டலாம்? நாயைக் கேட்க அங்கே இடமில்லை. இன்னுமொன்று, இடம் கொடுத்தவரின் வளவில் ஏற்கனவே ஒரு நாய் இருந்தது. தன் வளவைக் காப்பதுதான் அதன் வேலை. வந்த நாயை அது விடாது.

அங்கிருந்து வன்னிக்குப் போக விரும்பியவர்களுக்குக் கிளாலிக் கடல். கிளாலி எங்கட பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தைச் சேர்ந்த ஊர். ஆனையிறவு வழியும் பூநகரி வழியும் அடைபட்டுக் கிடந்த 1990களின் முற்பாதியில் குடாநாட்டுக்கு வெளியே போக இந்த நீரேரிதான் வழி. பயணம் இரவில், வெளிச்சம் இல்லாமல், கடற்படைக்குப் பயந்து. 1993 ஜனவரி 2 அன்று அந்தக் கடலில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அப்படியான ஒரு வள்ளத்தில் ஒரு நாய் குரைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் போதும். ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று யாரையும் கேட்க முடியாது.

பளை தானே அகதியானபோது

வந்தவர்களுக்கு இடம் கொடுத்த பளை பிறகு தானும் வெளிக்கிட வேண்டி வந்தது. 1996இல் தென்மராட்சியும் அதைத் தொடர்ந்த பகுதிகளும் இராணுவத்திடம் போயின. 2000 மார்ச் மாத முடிவில் புலிகள் குடாரப்பில் தரையிறங்கி, இத்தாவிலில் கண்டிவீதியை மறித்தார்கள். ஏப்ரல் 22 அன்று ஆனையிறவு விழுந்தது. அந்த மாத முடிவில் பளையும் புலிகள் வசமானது. அதன் பிறகு முகமாலை, கிளாலி, நாகர்கோவில் என்று ஒரு முன்னரங்கு வரிசை உருவாகி, 2009 வரை நின்றது. பளை அந்த வரிசைக்கு நேர் பின்னால் இருந்தது.

2002 பெப்ரவரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிவீதி திறந்தது. சனம் திரும்பி வந்து வளவைத் துப்பரவாக்கி, கிணறு இறைத்து, தென்னம்பிள்ளை வைத்தது. புது நாய்க்குட்டிகளும் வந்தன. 2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் மறுபடி சண்டை. பாதை மூடப்பட்டது. பளைச் சனம் தெற்கே கிளிநொச்சிப் பக்கம் போனது.

2008இன் கடைசி மாதங்களில் இருந்து நடந்ததை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். தொடக்கத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரம், கதவு நிலை, கோழிக்கூடு எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாயும் பெட்டிக்குப் பின்னால் ஓடும், சில இடத்தில் பெட்டிக்குள்ளேயே ஏறிப் போகும். ஒவ்வொரு இடமாற்றத்திலும் சாமான் பாதியானது. கடைசியில் தறப்பாள் ஒன்று, சட்டி ஒன்று, பை ஒன்று. வட்டுவாகலையும் நந்திக்கடலையும் கடந்து வந்தவர்களின் கையில் பிள்ளைகளைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை.

அவர்களைக் கொண்டுபோய் விட்ட இடம் செட்டிகுளம் மெனிக்பாம். முட்கம்பிக்குள் கூடாரங்கள். வவுனியாவிலும் சுற்றிலும் இருந்த முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர். ஒரு கூடாரத்துக்குள் முன்பின் தெரியாத குடும்பங்கள் சேர்ந்து இருந்ததும் உண்டு. யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்பது எல்லாம் பதிவு, அனுமதி. வளவு வாழ்க்கைக்கு நேர் எதிரான ஒன்றை நினைத்தால் அது முகாம்தான். சொந்த வாசல் இல்லை, சொந்த வேலி இல்லை. இருந்த வேலியும் உள்ளிருந்தவர்களை அடைக்கப் போட்டது. அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது.

திரும்பி வந்த வளவு

மீள்குடியேற்றத்தில் பளைக்கு வந்தவர்கள் கண்டது தலையறுந்த தென்னைகளும் பற்றைக்காடும் கண்ணிவெடிப் பலகைகளும். முகமாலையில் வெடி அகற்றிய பிறகுதான் காணிகள் பகுதி பகுதியாகக் கிடைத்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. அந்தக் காசுக்குள் சுவரும் கூரையும் எழும்பின. வேலிக்குக் காசு தனியாக இல்லை. ஆனாலும் வளவு திரும்பியது. வளவு திரும்பினவுடன் படலையடியில் ஒரு நாயும் திரும்பி வந்தது. எங்கேயோ பிறந்த குட்டி, யாரோ கொண்டுவந்து விட்டது. அதே ஜிம்மி, அதே ரைகர். பழைய நாயின் பெயரையே புது நாய்க்கு வைத்த வீடுகள் கன.

2014 மார்ச் மாதம் யாழ்தேவி பளை வரைக்கும் ஓடத் தொடங்கியது. அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போனது. ஊர் ஒரு மாதிரி நிமிர்ந்தபோது எங்கட தலைமுறை வெளிக்கிடத் தொடங்கியது. இந்த முறை செல்லுக்குப் பயந்து இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் படிக்க, வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு, யாழ்ப்பாணத்தில் வங்கி வேலைக்கு, கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்கும் கணினி வேலைக்கும். அம்மா அப்பா ஊரில் இருக்கும்வரை நாய் அவர்களோடு. பெற்றோர் இறந்துபோனால், அல்லது பிள்ளையோடு வந்து இருக்க வேண்டி வந்தால், வளவு பூட்டப்படும். அப்போதுதான் பழைய கேள்வி திரும்பி வருகிறது. சோத்தை வைத்துவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா?

எங்கட தலைமுறையில் பலர் கூட்டிக்கொண்டு போகத்தான் நினைக்கிறார்கள். முந்தினவர்களுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை, எங்களுக்கு இருக்கிறது. அந்தத் தெரிவு வாடகை வீட்டு வாசலில் தடுக்கப்படுகிறபோது கோபம் வருவதற்கு இதுதான் காரணம்.

மற்ற ஊர்கள் கற்றது

ஓடுகிற சனம் நாயை விட்டுப்போவது எங்கட ஊருக்கு மட்டும் உரிய கதை இல்லை. 1939 செப்டெம்பரில் பிரித்தானியா போரை அறிவித்த முதல் கிழமையில் லண்டனில் மட்டும் 4 இலட்சம் அளவு பூனை, நாய்களை உரிமையாளர்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். அப்போது நகரத்தில் ஒரு குண்டும் விழவில்லை. நாட்டுப்புறத்துக்கு அனுப்ப முடியாவிட்டால் கொன்றுவிடுவதே கருணை என்று அரசின் பிரசுரம் சொல்லியிருந்தது. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது பிரிப்பியாத் நகரத்தவர்களுக்கு மூன்று நாளில் திரும்பலாம் என்று சொன்னார்கள். நாய்களை விட்டுவிட்டுப் போனார்கள். யாரும் திரும்பவில்லை. நாய்களைச் சுடப் படையினர் அனுப்பப்பட்டார்கள். தப்பியவற்றின் சந்ததி இன்றும் அங்கே உலவுகிறது.

2005இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சைக் கத்ரினா சூறாவளி தாக்கியபோது மீட்புப் பேருந்துகளும் தங்குமிடங்களும் நாய்களை ஏற்க மறுத்தன. அதனாலேயே பலர் வெள்ளத்துக்குள் வீட்டில் நின்றுவிட்டார்கள். நாயை ஏற்காவிட்டால் மனிதரையும் காப்பாற்ற முடியாது என்பதை அங்கே அரசு அப்படித்தான் கற்றது. அடுத்த வருடமே, அனர்த்தத் திட்டங்களில் வளர்ப்பு மிருகங்களுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2011இன் புக்குஷிமா அனுபவத்துக்குப் பிறகு ஜப்பானியச் சுற்றாடல் அமைச்சு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, வெளியேறும்போது மிருகத்தோடு சேர்ந்து வெளியேறுங்கள் என்று சொன்னது.

வாடகைச் சட்டங்களும் மெல்ல மாறியிருக்கின்றன. பளையில் இருந்து போனவர்களும் வாழ்கிற ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில், 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, மிருகம் வளர்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அந்த வரி செல்லாது என்கிறது. நாய் ஆபத்தானதாக இருந்தாலோ, மற்றக் குடியிருப்பாளருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தாலோ, வீட்டைச் சேதப்படுத்தினாலோ வீட்டுக்காரர் முறையிட வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம், மிருகம் வளர்க்க அனுமதி கேட்டால் நியாயமான காரணம் இல்லாமல் மறுக்க முடியாது என்று வைத்திருக்கிறது. இந்தியாவில் விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்ப்பைத் தடை செய்ய முடியாது என்றது.

சட்டம் வந்தால் எல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்ராறியோவில்கூட, நாய் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். அதனால் நாயை மறைத்து ஒப்பந்தம் போடுகிறவர்கள் அங்கும் உண்டு.

எங்கட வாசலில்

இலங்கையின் வாடகைச் சட்டம் 1972ஆம் ஆண்டுக்குரியது. அயலவருக்குத் தொல்லையாக நடந்துகொள்ளும் குடியிருப்பாளரை எழுப்ப அது இடம் கொடுக்கிறது. நாய் வளர்க்கிற உரிமை என்று ஒன்றை அது தரவில்லை. ஆகவே எங்கட ஊரில் இது முழுக்க முழுக்க வாய்ப்பேச்சு. வீட்டுக்காரரின் மனம்தான் சட்டம்.

அந்த மனத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் சொல்கிற காரணங்கள் எல்லாம் சாட்டுகள் இல்லை. பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும். இரவு முழுக்கக் குரைத்தால் வசவு வீட்டுக்காரருக்குத்தான் வரும். கதவைச் சுரண்டினால் மரவேலைக்குச் செலவு. விசர்நாய்ப் பயம் இன்னும் போகவில்லை. சாமியறை உள்ள வீட்டுக்குள் நாய் வருவதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட, வாடகைக்கு இருந்தவர் எழும்பிப் போகும்போது நாயை வளவிலேயே விட்டுவிட்டுப் போவது நடக்கிறது. அதைக் கண்ட வீட்டுக்காரர் அடுத்த முறை படலையைத் திறக்க மாட்டார். போர்க்காலத்தில் வேறு வழியில்லாமல் விட்டதை, சமாதான காலத்தில் லொறியில் இடம் இருந்தும் விட்டுப்போகிற பழக்கமாக நாங்கள் தொடர்ந்தால் அந்தக் குற்றம் எங்களுடையது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வளவு நாயை நகரத்து வாடகை வீட்டுக்குக் கொண்டுபோவது நாய்க்கே பெரிய மாற்றம். ஒழுங்கையில் சுத்திய நாய் இரண்டு அறைக்குள்ளும் ஒரு மொட்டைமாடியிலும் அடங்க வேண்டும். சங்கிலி பழகியிராது. ஊரில் நல்ல குணம் என்று பாராட்டிய அதே குரைப்பு நகரத்தில் முறைப்பாடாகும். ஆகவே வீடு தேடுவதற்கு முதலே நாயைப் பழக்க வேண்டியிருக்கிறது: கழுத்துப் பட்டி, காலையும் மாலையும் நடை, தனியே இருக்கப் பழக்கம். ஊரில் நாய்க்கு வளவு செய்து கொடுத்ததை நகரத்தில் நாங்கள் செய்துகொடுக்க வேண்டும்.

வீடு தேடுகிற எங்கட நண்பர்களுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவும்தான். திறப்பு வாங்குகிற நேரம் மட்டும் பொறுத்திராமல் முதல் அழைப்பிலேயே நாயைச் சொல்லுங்கள். இல்லை என்கிறவரிடம் போய் அலைகிற பஸ் காசு மிஞ்சும். தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திருங்கள். சுகாதாரத் திணைக்களம் நாய்களுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது, அந்த அட்டை இல்லாததற்கு ஏழ்மை காரணமாக இருக்க முடியாது. கருத்தடை செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். உள்ளூராட்சி சபையில் பதிவு செய்யுங்கள். 1901இல் தொடங்கிய அந்தப் பதிவு இன்று எங்களுக்கு உதவக்கூடிய ஒரு கடதாசி, இந்த நாய்க்கு ஆள் இருக்கிறது என்று சொல்கிற கடதாசி. முடிந்தால் முன்பிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். அடுக்குமாடியைவிட முற்றம் உள்ள பழைய வீடுகளைத் தேடுங்கள். நகரத்தின் விளிம்பில் அப்படியான வீடுகள் இன்னும் கிடைக்கின்றன.

ஒப்பந்தம் எழுதும்போது நாயைப் பற்றியும் எழுதுவியுங்கள். எத்தனை நாய், சேதத்துக்கு எவ்வளவு முற்பணம், முறைப்பாடு வந்தால் என்ன செய்வது, எழும்பும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போவோம் என்ற உறுதி. வாய்ப்பேச்சில் கிடைத்த அனுமதி வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டில் இருந்து வந்தவுடன் மாறிவிடும். எழுத்தில் இருந்தால் பேச ஒரு பிடி இருக்கும்.

வீடு வைத்திருக்கிற எங்கட உறவுகளுக்கும் ஒன்று. உங்களில் பலர் 1995இலோ 2000இலோ 2009இலோ வேறொருவர் வளவில் கொட்டில் போட்டு இருந்தவர்கள். அப்போது உங்களுக்குக் கிடைத்த சிறிய அனுமதிகளை, கிணத்தடி, அடுப்படி, ஒரு கொடி கட்டுவதற்கு இரண்டு மரம், நீங்கள் இன்றும் நினைவில் வைத்துச் சொல்கிறீர்கள். ஒரு பிள்ளை நாயோடு வந்து வாசலில் நின்றால் உடனே இல்லை என்று சொல்லாமல், நாயைக் கூட்டிவரச் சொல்லிப் பாருங்கள். அட்டையைக் கேளுங்கள், முற்பணத்தைக் கூட்டிக் கேளுங்கள், மூன்று மாதம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். மறுப்பதற்கு இடையில் இத்தனை படி இருக்கிறது.

பச்சிலைப்பள்ளியில் இன்றைக்கும் பூட்டிக் கிடக்கிற வளவுகள் இருக்கின்றன. சிலவற்றின் படலையடியில் நாய் படுத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அன்ரி சோறு வைக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சிலருக்காவது, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த நாயையும் கூட்டிக்கொண்டு போகக் கூடியதாக ஒரு வீடு கிடைக்க வேணும்.